தரைக்குக் கீழே நாற்பத்து மூன்று பேர்

செக்கிங் அக்காவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். "காலையில ஒன்பது மணிக்குப் போனா சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் சுவத்துல முட்டிக்குவா. அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்க." கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்கள் அதை விற்பனைக்கு விடும் முன் சோதித்துப் பார்க்கக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் அவள் ஆறு வருஷமாக இருக்கிறாள். மூன்றாவது மாடி, திறக்கவே முடியாத ஜன்னல்கள், ஆறு மேஜைகள். ஒருவன் கார் ஓட்டிப் பார்ப்பான், ஒருத்தி துப்பாக்கி சுட்டுப் பார்ப்பாள், இன்னொருவன் எழுத்துப் பிழை பார்ப்பான். அக்காவுக்குச் சுவர். கேமுக்குள் ஒரு அறை இருந்தால், இடப்பக்கச் சுவரை ஒட்டியபடியே ஒரு முழுச் சுற்று நடக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் மூன்று தடவை குதிக்க வேண்டும். மேஜை, பீரோ, தூண், மரம், நிற்கிற மனுஷன், எதுவானாலும் போய் இடித்துப் பார்க்க வேண்டும். இடித்தால் நிற்க வேண்டும். ஊடுருவிக்கொண்டு போய்விட்டால் அது குறை.

குறை கண்ட உடனே குறைத்தாளை நிரப்ப வேண்டும். தாள் என்றால் காகிதம் இல்லை, திரையில் வருகிற நாலு கட்டம்: எங்கே, நடப்பது என்ன, நடக்க வேண்டியது என்ன, எந்தத் தரம். முதல் தரம் என்று போட்டால் உடனே சரிசெய் என்று அர்த்தம். பொத்தானைத் தட்டினால் அது நேராகக் கேமைச் செய்தவரிடம் போய்விடும். கீழே குறிப்பு என்று ஒரு சின்னக் கட்டம், ஏதாவது சந்தேகம் கேட்க. செய்தவரோடு சோதிப்பவர் பேசலாம் என்றால் அந்த ஒரு கட்டத்தில்தான். அவருக்கு இவள் பேர்கூடத் தெரியாது. 'சோதனையாளர் 4', அவ்வளவே.

இதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். அந்தப் பேர்தான் இங்கேயும் கூடவே வந்தது. கம்பெனி மூடியதும், தெரிந்தவர் ஒருவர் சொல்லி இங்கே வந்தாள். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்றுகூட அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரே மாதிரி ஆயிரம் பொருளைப் பார்த்து அதில் வித்தியாசமான ஒன்றைப் பிடிக்கிற கண் இருந்ததே, அது போதுமென்று எடுத்துக்கொண்டார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். ஆறு வருஷம் கேமிலேயே பிழைப்பு நடத்தியவள், ஒரு கேமைக்கூட விளையாடியதில்லை. ஒரு ஆளைச் சுட்டதில்லை, ஒரு பந்தயம் ஜெயித்ததில்லை. ராஜா மகளைக் காப்பாற்றினார்களா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். அரண்மனையில் எந்தத் தூணுக்குள் ஆள் நுழைந்துவிடும் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எத்தனை பெரிய மண்டபமானாலும் அவளுக்கு அதன் ஓரம் மட்டும்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை லீடு வந்தான். ஆறு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறவன். அவளைவிடப் பதினெட்டு வயது சின்னவன். "அக்கா, ஒரு சின்ன கேம் வந்திருக்கு. ஒரே ஆள் உக்காந்து செஞ்சது. வெள்ளிக்கிழமை வெளியே விடறாராம். சுவரை மட்டும் பாத்துக் குடுத்துடுங்க."

"கதை என்னப்பா?"

"கதையா? அப்படி ஒண்ணும் இல்லக்கா. எதிரி இல்ல, பாயிண்ட் இல்ல, ஆளே இல்ல. சும்மா நடக்கணுமாம்."

"நடந்து?"

"நடந்து..." அவன் தலையைச் சொறிந்தான். "நடக்கணும். அவ்ளோதான் போட்டிருக்கு."

நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரை வெளுத்தது. ஒரு மாடிப்படி. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் வழக்கம்போல் இடப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு படி ஏறிய பிறகுதான் கவனித்தாள்: மழை மேலேயிருந்து விழவில்லை. படிகளிலிருந்து துளித்துளியாகக் கிளம்பிக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். மழையைத் தலைகீழாகப் போட்டுவிட்டான் மனுஷன் என்று குறைத்தாளைத் திறந்துவிட்டாள். அப்புறம், இதுவும் வேண்டுமென்றே செய்ததோ என்று யோசித்து மூடினாள்.

படி ஏறினால் ஒரு சமையலறை. நடுவில் மேஜை. கிட்டே போகப் போக மேஜை வளர்ந்தது. கால்கள் தூணாகி, தூண்கள் கோபுரமாகி, கடைசியில் அவள் மேஜைக்கு அடியில் நடந்துகொண்டிருந்தாள். அங்கே தெருவிளக்குகள் வரிசையாக எரிந்தன. பத்து நிமிஷம் நடந்தாள். மறுபக்கம் வெளியே வந்தால், மேஜை பழையபடி இடுப்பளவுதான். மேலே ஒரு டம்ளர், பாதித் தண்ணீரோடு.

அதற்கப்புறம் ஒரு டெலிபோன். ரிசீவரை எடுத்தால் எதிர்முனையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம். குழாய் ஓடுகிறது, தட்டு தட்டின் மேல் உட்காருகிறது, யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பஸ். டிரைவர் இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பொறுமையாக நின்று, கதவைத் திறந்து, வராத ஆட்களுக்காகக் காத்திருந்து, கதவை மூடிக்கொண்டு கிளம்பியது. இடப்பக்கம் கடல். ஒரு வளைவு திரும்பியது, வலப்பக்கமும் கடல்.

பஸ் இறக்கிவிட்ட இடத்தில் ஒரு வகுப்பறை. கரும்பலகையில் பாதிக் கணக்கு. பெஞ்சுக்குப் பதிலாக, சுவரிலிருந்து சுவர்வரை ஜன்னல் உயரத்துக்குப் புல். எங்கிருந்தோ காற்று வந்தது. புல் மொத்தமும் ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. அவள் சுவரை விட்டாள்.

சுவரை விட்டாள் என்றால் உங்களுக்கு ஒன்றும் தோன்றாது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அறையின் நடுவில் நடந்தாள் என்று சொன்னால் புரியும். புல்லுக்குள் போய் நின்றாள். தலைக்கு மேல் புல். சத்தம் மட்டும். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. இதை எடு, அங்கே போ, சீக்கிரம் வா, என்ன ஆச்சு, எங்கே வைத்தாய், எதுவும் இல்லை. வீட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் நாள் முழுக்க யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிற ஒருத்திக்கு அது எப்படி இருந்திருக்கும்! உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று அவளுக்கு. கடிகாரத்தைப் பார்த்தால் நாற்பது நிமிஷம் போயிருந்தது. குறைத்தாள் வெறும் தாளாக இருந்தது.

பக்கத்து மேஜைக் கார்க்காரன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, திருவிழாவுல தொலைஞ்ச புள்ள மாதிரி நிக்கிறீங்க? என்ன செய்யணுமாம் இதுல?"

"சொல்லலையே."

"சொல்லாட்டி எப்படி? இதெல்லாம் எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"சொல்லாம விட்டதுதான்டா நல்லா இருக்கு," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்குச் சாயந்தரம் வீட்டில் சாப்பிடும்போது அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வழக்கமாக ஆபீஸ் கதையே பேசாதவள், மேல்நோக்கிப் போகிற மழையையும் வளர்கிற மேஜையையும் கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான வீட்டுக்காரர் எல்லாம் கேட்டுவிட்டு, "ஆளே இல்லாத ஊரா? வாடகை கம்மியா இருக்கும். விசாரிச்சுப் பாரு," என்றார். கூடவே இருக்கும் நாத்தனார், "அண்ணி, அந்த டெலிபோன்ல பாத்திரம் கழுவறது நான்தான். நீங்க ஆபீஸ் போன பிறகு வேற யாரு கழுவறா?" என்றாள். ஒரே சிரிப்பு. பத்தாவது படிக்கிற மகள் மட்டும் சிரிக்காமல் கேட்டாள், "அம்மா, அந்த பஸ் கடைசியா எங்க போகும்?"

"தெரியலைடி," என்றாள் அக்கா. தெரியவில்லை என்று சொல்வதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒழுங்காக வேலை பார்ப்பது என்று தீர்மானம் செய்துகொண்டு உட்கார்ந்தாள். சுவர், மூலை, மூன்று குதி. சுவர், மூலை, மூன்று குதி. புல் வகுப்பறையின் பின்மூலையில் ஒரு பீரோ இருந்தது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற இடம். நுழைந்து குதித்தாள். இரண்டாவது குதியில் கால் தரையில் படவில்லை. தரையை ஊடுருவி விழுந்துகொண்டிருந்தாள்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வேறு யாரும் செய்ய மாட்டார்கள். இந்த வேலையில் ஊறியவர்கள்தான் செய்வார்கள். விழ ஆரம்பித்ததும் அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின. எங்கே: வகுப்பறை, பீரோ மூலை. நடப்பது: தரை வழியே விழுகிறது. நடக்க வேண்டியது: விழக் கூடாது. தரம்: ஒன்று. தட்டு. எல்லாம் பத்து நொடி. கேமில் இப்படி விழுந்தால் அடி கிடையாது. விழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் எழுதி அனுப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அவளும் அதற்குத்தான் கையைக் கொண்டுபோனாள்.

'தொம்' என்று ஒரு சத்தம். கால் தரையில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஊர் முழுவதும் அவள் தலைக்கு மேலே இருந்தது. கேமில் தரையை மேலிருந்து பார்ப்பதற்கென்று மட்டும்தான் செய்வார்கள். கீழிருந்து பார்த்தால் தரை இல்லாத மாதிரி, அப்படியே தெரியும். பீரோவின் அடிப்பக்கம் தெரிந்தது. வகுப்பறைப் புல்லின் வேர்ப்பக்கம், அது காற்றில் அசைவது, எல்லாம் தெரிந்தது. தூரத்தில் சமையலறை மேஜையின் நாலு கால். அதற்கும் தூரத்தில் அந்தப் பஸ் நாலு சக்கரத்தின் அடியைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. இரண்டு கடலும் அவள் தலைக்கு மேல் வெளிச்சமாகப் பரந்து கிடந்தன. கடவுள் என்று ஒருவர் இருந்து, ஊரைக் கட்டிவிட்டு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரொம்ப நேரம் கழித்துத்தான் தலையைத் தாழ்த்தினாள். எதிரே ஆட்கள் நின்றார்கள்.

ஆளே இல்லாத கேமில் ஆட்கள். அசையாமல் வரிசையாக நின்றார்கள். கிட்டே போனாள். எல்லாம் ஒரே பெண். முகம் இல்லை, மழுமழுவென்று விட்டிருந்தது. தோளில் ஒரு பை. யாருடைய தலைக்கு மேலாகவோ எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு குதிகால் லேசாகத் தூக்கியிருந்தது. முதல் உருவம் மரக்கட்டை மாதிரி இருந்தது. அடுத்தது கொஞ்சம் தேவலை. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு எண்ணும் ஒரு வார்த்தையும் மிதந்தன. 'ஒன்று. இல்லை.' 'இரண்டு. இல்லை.' 'மூன்று. இதுவும் இல்லை.'

இது செய்தவரின் கிடங்கு என்று அவளுக்குப் புரிந்தது. வேண்டாம் என்று கழித்ததை யார் கண்ணிலும் படாமல் தரைக்கு அடியில் போட்டுவைக்கிறவர்கள் உண்டு. ஆனால் கழித்ததை யாராவது இப்படி வரிசையாக நிற்க வைப்பார்களா? நாற்பத்து மூன்று பேர். ஒருத்தி விடாமல் ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று பார்த்தாள். பதினேழாவது பெண்ணின் முன்னால் போனபோது தன்னையறியாமல் ஒரு எட்டு பின்னால் வந்தாள். யாரோ ஒரு பெண் நிற்கிற இடத்தில் மூச்சு முட்டக் கிட்டே போய்விட்டோமே என்ற கூச்சம். அவள் தலைக்கு மேலும் 'இல்லை' என்றுதான் இருந்தது. நாற்பத்து மூன்றாவதில் பாதங்கள் மட்டும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வார்த்தைகூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குறையை எழுதி அனுப்பியாகிவிட்டது. முதல் தரம்.

சாயந்தரம் நாலு மணிக்குள் புதுக் கேம் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரி: 'அடைத்துவிட்டேன், நன்றி.' பீரோ மூலைக்குப் போய்க் குதித்தாள். தரை கல் மாதிரி தாங்கியது. இன்னும் குதித்தாள். கார்க்காரன், "ஓட்டை அடைஞ்சுடுச்சுல்ல, அப்புறம் ஏன்க்கா குதிச்சுட்டே இருக்கீங்க?" என்றான். அவள் இன்னொரு தடவை குதித்தாள். தன் கையாலேயே ஒரு வாசலை இழுத்து அடைத்துவிட்டு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. மனசில் இருப்பதைச் சொல்லக் கம்பெனியில் இடம் கிடையாது. சோதிப்பவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது சட்டம். இருக்கிற நாலு கட்டத்தையே திறந்தாள். எங்கே: வகுப்பறை, பீரோ மூலை. நடப்பது: விழவில்லை. நடக்க வேண்டியது: விழ வேண்டும். தரம்: ஒன்று. தட்டினாள்.

அரை மணியில் லீடு ஓடி வந்தான். "அக்கா! ஓட்டைய அடைச்சது குறைன்னு எழுதியிருக்கீங்க? தலையும் புரியல வாலும் புரியல. அந்த ஆள் நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன்ப்பா."

"என்னக்கா சரி? விழணுமாமே!"

"ஆமா, விழணும். கீழ என்ன இருக்குன்னு நீ பாக்கல. நான் பாத்தேன்." ஆறு வருஷத்தில் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னமோ செய்யுங்கள் என்பதுபோல் கையை விரித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் குறிப்புக் கட்டத்தில் எழுத்து வந்தது. செய்தவர் எழுதியிருந்தார். 'அங்க என்ன பாத்தீங்க?'

'எல்லாத்தையும் பாத்தேன்' என்று அடித்தாள். 'நாப்பத்து மூணு பேரையும் பாத்தேன்.'

பதில் வந்தது. 'மன்னிச்சுக்குங்க. யாரும் பாக்கக் கூடாதது அது. அவ என் தங்கச்சி. இப்ப இல்ல. பஸ் ஸ்டாப்புல அவ நிக்கிற விதம் ஒண்ணு உண்டு. முகம் நல்லா ஞாபகம் இருக்கு, போட்டோவும் இருக்கு. அந்த நிக்கிற விதம்தான் எதுலயும் இல்ல. அவ வந்து நிக்கறதுக்கு ஒரு இடம் வேணும்னுதான் இந்த ஊரையே கட்ட ஆரம்பிச்சேன். நாலு வருஷம் ஆச்சு. ஊர் வந்துடுச்சு. அவ வரல. வெள்ளிக்கிழமை வெளியே விடறதுக்கு முன்னாடி கீழ இருக்கறதை எல்லாம் மொத்தமா அழிச்சிடப் போறேன்.'

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். அப்புறம் ஒற்றை விரலால் அடித்தாள். 'பதினேழாவதை அழிக்காதீங்க.'

'ஏன்? அது தப்பா வந்தது. இடது தோள் இறங்கிப் போச்சு. அதுக்கப்புறம் சரி பண்ணிட்டேன்.'

அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே அடித்தாள். 'அதைத்தான் நீங்க சரி பண்ணியிருக்கக் கூடாது. நான் பதினோரு வருஷம் சட்டை செக்கிங் பண்ணேன். தோள் கால் அங்குலம் இறங்கினா சட்டையக் கழிச்சிடுவேன். சட்டைக்கு ரெண்டு தோளும் சமமா இருக்கணும், சரி. அதைப் போட்டுக்கற மனுஷிக்கு இருக்காது. தினமும் ஒரே தோள்ல பை மாட்டிட்டு வேலைக்குப் போற பொம்பளைக்கு அந்தத் தோள் எறங்கித்தான் இருக்கும், எனக்கே எறங்கியிருக்கு. மத்த நாப்பத்திரெண்டு பேரும் பொம்மை. பதினேழு மட்டும்தான் பஸ்ஸுக்கு நிக்கிறா. அவ கிட்ட போனப்ப நான் வழி விட்டு நகர்ந்தேன். அவ உங்க தங்கச்சியா இல்லையான்னு நான் எப்படிச் சொல்ல? ஆனா அங்க ஒருத்தி இருந்தா.'

தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான், ஊர் பேர் தெரியாத மனுஷனிடம் செத்துப்போன தங்கச்சியைப் பற்றித் தோள் அளவு பேசிவிட்டோமே என்று பதறினாள். பதில் வரவில்லை. ஆறு மணி வரைக்கும் பார்த்தாள். வியாழக்கிழமை முழுக்கப் பார்த்தாள். குறிப்புக் கட்டம் அப்படியே கிடந்தது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார்கூடக் கேலி செய்யவில்லை. "அவரு அழிச்சிருக்க மாட்டாரு அண்ணி," என்றாள். வீட்டுக்காரர் அவள் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடைசிக் கேம் வந்தது. ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பியிருந்தார். மத்தியானத்துக்குள் பார்த்து முடித்தால் வெளியே விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நேராகப் புல் வகுப்பறைக்குப் போனாள். பீரோ மூலையில் குதித்தாள். தரை தாங்கியது. மறுபடி. தாங்கியது. மூன்றாவது தடவை குதித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அழித்துவிட்டார். சரி, அவர் தங்கச்சி, அவர் கேம், நமக்கென்ன உரிமை என்று சொல்லிக்கொண்டாள்.

வேலை என்று ஒன்று இருக்கிறதே. ஒவ்வொரு அறையாக முடிக்க வேண்டும். புல்லுக்குள் இறங்கி நடந்தாள். நடு அறைக்கு வந்ததும் காலடியில் புல் விலகியது. இதற்கு முன் அங்கே அப்படி இல்லை. ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதை. பாதை முடிகிற இடத்தில் தரையில் ஒரு சதுரம், அதில் கீழே இறங்கும் படிகள். கைப்பிடி போட்டு, ஒழுங்காகக் கட்டின படிகள்.

இறங்கினாள். தலைக்கு மேலே புல்லின் வேர் வந்தது, மேஜைக் கால்கள் வந்தன, இரண்டு கடலும் வந்தன. கீழே பொம்மைகள் இல்லை. நாற்பத்திரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோளில் பை, அந்தத் தோள் இறங்கியிருந்தது. ஒரு குதிகாலைத் தூக்கி, தலையை நிமிர்த்தி, மேலே போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் எண் இல்லை, வார்த்தையும் இல்லை.

புது உருவம் வந்தால் இடித்துப் பார்க்க வேண்டும். அதுதான் வேலை. செக்கிங் அக்கா மெதுவாகக் கிட்டே போனாள். இத்தனை மெதுவாக அவள் எதையும் இடித்ததில்லை. பட்டாள். ஊடுருவவில்லை. அந்தப் பெண் கெட்டியாக நின்றாள். நின்றவள், தூக்கியிருந்த குதிகாலை இறக்கி, மறுகாலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டாள். ரொம்ப நேரமாக நிற்கிறவர்கள் செய்வதுபோல. அக்காவுக்கு உச்சந்தலை வரை சிலிர்த்தது. சுற்றிக்கொண்டு போய் முகத்தைப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வேண்டாம் என்று விட்டாள். பக்கத்தில் போய் நின்று, அவள் பார்க்கிற பக்கமே தானும் தலையைத் தூக்கினாள்.

லீடு வந்து மேஜையோரம் நின்றான். "அக்கா, முடிஞ்சுதா? அவரு லைன்ல காத்துட்டிருக்காரு. குறை ஏதாவது இருக்கான்னு கேக்கறாரு."

"இல்லன்னு சொல்லு."

"அப்ப முடிச்சுடலாமா?"

"கொஞ்சம் இருப்பா," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்க ரெண்டு பேரும் ஊரைப் பாத்துட்டிருக்கோம்."